புது டயர் முன்னாடியா, பின்னாடியா?

அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பசாமி சன்னதி முன்னால் நல்ல நாள் பார்த்துப் புதுக் கார்கள் வந்து நிற்கும். முகப்பில் மாலை, கண்ணாடியில் சந்தனப் பொட்டு, நான்கு சக்கரத்துக்கும் அடியில் ஒவ்வோர் எலுமிச்சம்பழம். சூடம் காட்டியதும் வண்டி மெல்ல நகரும், பழங்கள் நசுங்கும். சாத்திய கதவுக்குள் இருந்தபடியே காவல் காக்கும் கருப்பன் இனி இந்த வண்டிக்கும் துணை என்று குடும்பம் நிம்மதியாகக் கிளம்பும். அன்றைக்கு நான்கு டயரும் ஒரே வயது. நான்கிலும் பட்டனின், அதாவது டயரின் மேற்பரப்பில் இருக்கும் வெட்டுகளின், ஆழம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர்.

மூன்று நான்கு வருடம் கழித்து அதே காரின் டயர்களைக் குனிந்து பாருங்கள். முன்னால் இரண்டும் தேய்ந்து வழவழவென்று ஆகியிருக்கும். பின்னால் இரண்டிலும் பாதிப் பட்டன் மிச்சம் இருக்கும். நம் ஊர்களில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரம் இழுத்து ஓடுபவை. இன்ஜின் பாரம் முன்னால். இழுப்பதும் திருப்புவதும் முன்சக்கரம். பிரேக் பிடித்தால் பெரும்பங்கு வேலை அதற்குத்தான். நான்கையும் மாற்ற வேண்டுமென்றால் சிறிய காருக்கே பதினைந்தாயிரம், இருபதாயிரம் ஆகிறது. பள்ளிக் கட்டணம் கட்டிய மாதத்தில் அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? இப்போதைக்கு இரண்டு போதும் என்று முடிவு செய்து, புதூரிலோ மேலூரிலோ ஒரு டயர்க் கடையில் வண்டியை நிறுத்துகிறார் வீட்டுக்காரர்.

"அண்ணே, புதுசு ரெண்டையும் முன்னாடி மாட்டிருவோம்ல?"

"ஆமா தம்பி, முன்னாடியே மாட்டிரு. ஸ்டீயரிங் அங்கனதான இருக்கு."

கேட்டவருக்கும் சந்தேகமில்லை, சொன்னவருக்கும் சந்தேகமில்லை. அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் அந்த வண்டி உள்ளே வந்தபோது இருந்ததைவிட, மழைக்கு ஆபத்தான ஒரு குணத்தோடு வெளியே போகிறது.

இரண்டு டயர் மட்டும் வாங்கினால் அவை பின்னால்தான் போக வேண்டும். முன்சக்கரம் இழுக்கும் ஸ்விஃப்ட்டுக்கும் இதுதான், பின்சக்கரம் தள்ளும் பொலீரோவுக்கும் இன்னோவா கிரிஸ்டாவுக்கும் இதுதான். மிஷலின், பிரிட்ஜ்ஸ்டோன், குட்இயர், காண்டினென்டல் என்று உலகின் பெரிய டயர் நிறுவனங்கள் பல விஷயங்களில் ஒன்றுக்கொன்று முரண்படும். இதில் முரண்படுவதில்லை. எந்தச் சக்கரம் இழுக்கிறது என்பதே இங்கே கேள்வி இல்லை. எந்தச் சக்கரம் வழுக்கினால் ஓட்டுபவரால் மீட்க முடியாது என்பதுதான் கேள்வி.

தண்ணீர் மேல் ஓடும் சக்கரம்

மதுரை வறண்ட சீமை, இங்கே மழைக்கு என்ன கவலை என்று கேட்பவர்கள் உண்டு. வறண்ட சீமை என்பதால்தான் கவலை. மாதக்கணக்கில் மழையே இல்லாமல் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து கிடக்கும் தார்ச்சாலையில், சித்திரை வைகாசியில் திடீரென்று ஒரு கோடை மழை அடிக்கும். பிறகு ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை. இப்போது சாலைகளும் பழையபடி இல்லை. மேலூர் வழியாகத் திருச்சிக்குப் போகும் நான்குவழிச் சாலையிலும், 2023 ஏப்ரலில் திறந்த 7.3 கிலோமீட்டர் நீள நத்தம் சாலை மேம்பாலத்திலும் எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் வேகம் தானாகவே வந்துவிடுகிறது. குண்டும் குழியுமான பழைய ரோட்டில் நாற்பதில் போனபோது வராத ஆபத்து இது.

டயரில் பட்டன் இருப்பது எதற்காக? காய்ந்த ரோட்டில் அது பெரிதாகத் தேவையில்லை. பந்தயக் கார்கள் காய்ந்த தளத்தில் பட்டனே இல்லாத டயரில்தான் ஓடுகின்றன. பட்டன் இடுக்குகள் தண்ணீர் ஓடும் வாய்க்கால். சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 165 மில்லிமீட்டர் அகல டயர், 80 கிலோமீட்டர் வேகம், ரோட்டில் 3 மில்லிமீட்டர் தண்ணீர். ஒவ்வொரு நொடியும் அந்த ஒற்றை டயர் 11 லிட்டர் தண்ணீரைத் தன் வழியிலிருந்து அகற்றியாக வேண்டும். ஒன்றரை நொடிக்கு ஒரு குடம். வாய்க்கால் ஆழமாக இருந்தால் தண்ணீர் அதில் புகுந்து வெளியேறும். தேய்ந்திருந்தால் போக இடமில்லாமல் டயருக்கு முன்னால் குவியும். பிறகு ஆப்புபோல அடியில் நுழைந்து டயரைத் தூக்கிவிடும். அந்தக் கணத்தில் ரப்பருக்கும் ரோட்டுக்கும் தொடர்பே இல்லை.

இதை முறையாக ஆராய்ந்தவர்கள் விமானக்காரர்கள். மழையில் இறங்கும் விமானங்கள் ஓடுபாதையில் சறுக்கிப் போனதால், நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் வால்டர் ஹோர்ன், ராபர்ட் டிரெஹர் இருவரும் 1963இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பட்டன் ஆழத்தை மிஞ்சித் தண்ணீர் நிற்கும்போது, டயர் எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்பதை அதன் காற்றழுத்தமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது என்பது அவர்கள் கண்டது. அவர்கள் தந்த சூத்திரப்படி 33 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால் மணிக்கு ஏறத்தாழ 96 கிலோமீட்டர். அதுவே 25 பி.எஸ்.ஐ. என்றால் 83. கார் டயரின் அமைப்பு வேறு என்பதால் இது அப்படியே பொருந்தாது. ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது பொருந்தும். காற்று குறைந்த, பட்டன் தேய்ந்த டயர் நம் நான்குவழிச் சாலையில் சாதாரணமாகப் போகும் வேகத்திலேயே மிதக்கும்.

மிதப்பது முன்சக்கரம் என்றால் என்ன நடக்கும்? ஸ்டீயரிங் கையில் லேசாகிவிடும். திருப்பினால் வண்டி திரும்பாமல் நேரே போகப் பார்க்கும். பயமாகத்தான் இருக்கும், ஆனால் கையில் தெரிந்துவிடும். பயத்தில் எவரும் செய்வது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுப்பது. வேகம் குறையும், பாரம் முன்னால் சாயும், முன்சக்கரம் மறுபடி ரோட்டைப் பிடிக்கும். பயந்து செய்ததே சரியான வைத்தியம் ஆகிவிடுகிறது.

மிதப்பது பின்சக்கரம் என்றால் கதை வேறு. பின்னால் ஸ்டீயரிங் இல்லை. அதனால் முன்னறிவிப்பும் இல்லை. புது டயர் போட்ட முன்சக்கரம் கெட்டியாக ரோட்டைப் பிடித்திருப்பதால், எல்லாம் நன்றாக இருக்கிறது என்ற தைரியத்தில் ஓட்டுபவர் அதே வேகத்தில் வளைவுக்குள் போவார். பின்பக்கம் வெட்டிக்கொண்டு வெளியே போகும். பயந்து காலை எடுத்தால் பாரம் இன்னும் முன்னால் போய்ப் பின்பக்கம் இன்னும் லேசாகும். பிரேக்கை மிதித்தால் அதைவிட மோசம். கண் இமைக்கும் நேரத்தில் வண்டி பம்பரமாகச் சுற்றிவிடும். எதிர்த்திசையில் ஸ்டீயரிங் பிடித்து மீட்கும் பயிற்சி நம்மில் யாருக்கு இருக்கிறது? எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கியவர்கள் நாம்.

அமெரிக்காவின் தென் கரோலினாவில் லாரன்ஸ் என்ற ஊரில் உள்ள தன் சோதனைத் திடலில் மிஷலின் இதைச் செய்தே காட்டுகிறது. ஒரே மாதிரி இரண்டு கார்கள், தண்ணீர் பாயும் ஒரே வளைவு, ஒரே வேகம். முன்னால் புது டயர் போட்ட கார் சுழன்று திரும்பிவிடும். பின்னால் புது டயர் போட்டது சற்று வெளியே தள்ளினாலும் தன் பாதைக்கு வந்துவிடும். வண்டியில் உறுதிநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி இருந்தால் கொஞ்சம் உதவும். ஆனால் அதுவும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியே பிரேக் கொடுத்துத்தான் வண்டியை நேராக்குகிறது. தண்ணீர் மேல் நிற்கும் சக்கரத்துக்கு எந்தப் பிரேக்கைக் கொடுத்து என்ன பயன்?

பழமுதிர்சோலையிலிருந்து இறங்கும்போது

அழகர்மலைப் பாதைக்கு வருவோம். கோயிலிலிருந்து பழமுதிர்சோலைக்கும் அதற்கு மேல் நூபுர கங்கைக்கும் போகும் சாலை, காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறுகிறது. இருபுறமும் மரம், மரத்தடியில் ஈரச் சருகு, சருகுக்குள்ளிருந்து எப்போது வேண்டுமானாலும் குறுக்கே பாயும் குரங்கு.

முன்னால் புது டயர் வேண்டும் என்பவர்கள் இந்த இடத்தில் நியாயமான ஒரு வாதம் வைப்பார்கள். ஏறும்போது பாரம் பின்னால் சாய்கிறது, இழுக்கும் முன்சக்கரம் லேசாகிறது, தேய்ந்த டயர் ஈரத்தில் வெறுமனே சுற்றும். உண்மை. நேர் ரோட்டில் ஈரத்தில் பிரேக் பிடித்தாலும் புது டயர் முன்னால் இருக்கும் வண்டி கொஞ்சம் முன்னதாகவே நிற்கும். அதையும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஏறும்போது முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். முதல் கியரில் மெல்ல எடுத்தால் ஏறிவிடும்.

இறங்குவதுதான் சோதனை. மலையில் டயர் தண்ணீரில் மிதக்கும் அளவு வேகம் வராது, அங்கே சிக்கல் பாரம். சரிவில் இறங்கும்போதே பாரம் முன்னால் குவிகிறது. பிரேக் பிடித்தால் இன்னும் குவிகிறது. கூடவே ஸ்டீயரிங்கும் திரும்பியிருந்தால், பக்கவாட்டில் தள்ளும் விசையைத் தாங்க வேண்டிய பின்சக்கரங்கள் மிகக் குறைந்த பாரத்தோடு ரோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்த வளைவில் ஒரு குரங்கு குறுக்கே வந்தால் எந்த ஓட்டுநரும் பிரேக்கை அழுத்தத்தான் செய்வார். பின்னால் இருப்பது வருடக்கணக்கில் வெயிலில் காய்ந்து இறுகிய, பட்டன் பாதி தேய்ந்த ரப்பர் என்றால் பின்பக்கம் பள்ளத்துப் பக்கமாக நகரும். முருகனைக் கும்பிட்டுவிட்டு இறங்கும் வண்டியில் பின் இருக்கையில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் பிள்ளைகளும் தாத்தா பாட்டியும்தான்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது

டயர்க் கடைக்காரர்களைக் குறை சொல்லி முடித்துவிடுவது நியாயமாகாது. அவர்கள் சொல்லும் விதி பொய்யான விதி இல்லை. அது வேறு வண்டிக்கான விதி.

மதுரை பஸ்ஸாலும் லாரியாலும் வளர்ந்த ஊர். டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1912இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். பிறகு மதுரையை மையமாக வைத்து அவருடைய டி.வி.எஸ். குழுமம் வளர்ந்தது. மாடுகளின் லாடத்திலிருந்து ரோட்டில் உதிர்ந்து கிடக்கும் ஆணிகளைப் பொறுக்க, காந்தம் பூட்டிய வண்டி ஒன்றை பஸ்களுக்கு முன்னால் ஓட விட்டார் என்று பழையவர்கள் சொல்வதுண்டு. டயர் அவ்வளவு அருமையான பொருளாக இருந்த காலம். தேய்ந்த டயருக்கு மறுபடி பட்டன் போடும் ரீட்ரேடிங் தொழில் இங்கே வேரூன்றியது அப்படித்தான். அந்தக் குழுமத்தின் சுந்தரம் இண்டஸ்ட்ரீஸும் மதுரையில் அந்தத் தொழிலைச் செய்தது.

பஸ்ஸிலும் லாரியிலும் நல்ல டயரை முன்னால்தான் போட வேண்டும். ரீபட்டன் டயர் பின்னால் போகும். காரணம் தெளிவானது. பின்னால் பக்கத்துக்கு இரண்டு டயர் ஜோடியாக இருக்கிறது. ஒன்று வெடித்தாலும் மற்றது தாங்கும். முன்னால் பக்கத்துக்கு ஒன்றுதான். அது வெடித்தால், அதுவும் டியூப் போட்ட பழைய காலத்து டயர் வெடித்தால், அந்தக் கனத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்து நிறுத்துவது மனிதக் கைக்கு ஆகாத காரியம். அமெரிக்காவில் பஸ்ஸின் முன்சக்கரத்தில் ரீட்ரேட் டயர் போடக் கூடாது என்று சட்டமே உண்டு.

லாரி டயரைக் கழற்றிப் பழகிய கைகள், அல்லது அந்தக் கைகளிடம் தொழில் கற்ற கைகள், அதே விதியைக் காருக்கும் கொண்டுவந்துவிட்டன என்பதே என் கணிப்பு. அதில் அக்கறைதான் இருக்கிறது. ஆனால் காரில் பின்னாலும் ஒற்றை டயர்தான். இன்றைய டியூப்லெஸ் ரேடியல் டயரில் ஆணி ஏறினால் பெரும்பாலும் காற்று மெல்ல இறங்குமே தவிர, பழைய டியூப் டயர்போலச் சட்டென்று உயிரை விடாது. ஜே.கே. டயர் இந்தியாவுக்கு ரேடியலைக் கொண்டுவந்தது 1977இல். மாருதி 800 வந்தது 1983இல். வண்டியும் மாறிவிட்டது, டயரும் மாறிவிட்டது. மாட்டும் முறை மட்டும் அம்பாசடர் காலத்திலேயே நிற்கிறது.

முன் டயர் வெடித்தால் என்ன செய்வது என்ற பயம் அப்படியும் போகாது. அதற்கு ஓர் எதிர்ச் சாட்சி இருக்கிறது. 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் அமெரிக்காவில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஓடும்போதே டயரின் மேல்தோல் பிய்ந்து, வண்டிகள் உருண்டு, இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்த விவகாரம் அது. டெக்சாஸ், அரிசோனா, புளோரிடா போன்ற வெயில் மாநிலங்களில்தான் அதிகம் நடந்தது. உயிர் குடித்த விபத்துகளில் பெரும்பாலும் போனது பின் டயர். காரணம் முன்பு சொன்னதுதான். முன்னால் போனால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நிறுத்த ஒரு வழி உண்டு. பின்னால் போனால் வண்டியே திசை மாறிவிடும்.

அழகர்கோவிலிலிருந்து மேலூர் பக்கம் போய்த் திருச்சி சாலையைப் பிடித்தால், வெள்ளரிப்பட்டியில் டி.வி.எஸ். ஸ்ரீசக்ராவின் தொழிற்சாலை இருக்கிறது. 1982இல் தொடங்கிய நிறுவனம். இருசக்கர வண்டி டயர்களுக்குப் பெயர்பெற்றது. பைக் டயரில் முன்னுக்கு ஒரு வடிவம், பின்னுக்கு வேறு வடிவம் என்று பிரித்தே செய்வது வழக்கம். அதனால் மோட்டார் சைக்கிள்காரருக்கு இந்தக் குழப்பமே வருவதில்லை. காரில் நான்கு இடத்துக்கும் ஒரே டயர் பொருந்துவதால்தான் முடிவு மனிதர் கையில் விடப்படுகிறது.

இன்னும் ஒரு காரணம்: கூலி

முன்னால் மாட்டுவதற்கு இரண்டு சக்கரத்தைக் கழற்றினால் போதும். சரியாகச் செய்ய நான்கையும் கழற்ற வேண்டும். தேய்ந்த முன் டயர்களை எடுத்துவிட்டு, பாதிப் பட்டன் இருக்கும் பின் டயர்களை முன்னால் கொண்டுவந்து, புதியவற்றைப் பின்னால் மாட்டி, நான்குக்கும் பேலன்சிங் பார்த்து, கடைசியில் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். வெயிலில் ஜாக்கி போட்டு நிற்கும் தம்பிக்கு அது இரட்டிப்பு வேலை. வாடிக்கையாளர் கேட்காவிட்டால் அவர் ஏன் செய்யப் போகிறார்? கூடுதல் வேலைக்குக் கூடுதல் கூலியைக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

"புது டயரைப் பின்னாடி போட்டா அது சும்மாதானே உருளும், முன்னாடி இருக்கிறது சீக்கிரம் தேஞ்சிருமே" என்பது அடுத்த கேள்வி. தேயட்டும். முன்னது தேய்ந்ததும் பின்னால் இருப்பது முன்னே வரும், அடுத்த புது ஜோடி பின்னால் போகும். ஒவ்வொரு டயரும் தன் இளமையைப் பின்னால் கழித்து, மிச்சத்தை முன்னால் உழைத்துத் தீர்க்கும். எதுவும் வீணாகாது. இதைவிட நல்லது, எட்டாயிரம் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றி மாட்டிக்கொண்டே வருவது. அப்போது நான்கும் ஒன்றாகத் தேயும், நான்கையும் ஒன்றாக வாங்கலாம், முன்னா பின்னா என்ற கேள்வியே எழாது. அப்படி மாற்றிப் போடாமல் விட்டு, இரண்டு மட்டும் தேய்ந்து நிற்கும் வீட்டுக்குத்தான் இவ்வளவும் சொல்ல வேண்டியிருக்கிறது. பின்னால் இருப்பதும் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் அதை முன்னால் மாற்றிப் பயனில்லை. எப்படியாவது பணம் புரட்டி நான்கையும் மாற்றிவிடுங்கள்.

சட்டம் இங்கே அதிகம் உதவாது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 94ஆவது விதி கார் டயரின் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. எந்தச் சக்கரத்தில் எது என்று அது பேசுவதில்லை. அந்த 1.6கூடச் சட்டத்தின் கடைசி எல்லைதான். மழை ரோட்டுக்கு அது போதாது. டாக்ஸிகளாவது எட்டு வருடம்வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எப்.சி.க்குப் போகின்றன. சொந்தக் காரைப் பதினைந்து வருடம்வரை எந்த அதிகாரியும் தகுதிச் சோதனைக்குக் கூப்பிடுவதில்லை. அத்தனை ஆண்டுகளும் டயரைக் கவனிப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் வண்டிக்காரர், இன்னொருவர் டயர்க் கடைக்காரர். அவர்களுக்குள் நடக்கும் அந்த இரண்டு வரிப் பேச்சுதான் இங்கே சட்டம்.

அதனால்தான் டயர்க் கடைக்காரர்களிடம் ஒன்றை உரிமையோடு கேட்கலாம் என்று தோன்றுகிறது. மதுரையில் இருக்கும் கடைகள் பில்லில் டயரின் பெயரையும் அளவையும் எழுதுவதோடு, வண்டி வெளியே போகும்போது நான்கு சக்கரத்திலும் இருக்கும் பட்டன் ஆழத்தையும் எழுதித் தரலாம். ஆழம் அளக்கும் கருவி சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், அளக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. முன்னால் 7.5, பின்னால் 3 என்று தாளில் பார்த்தால் யாருக்கும் உறைக்கும்.

வாங்குபவர் டயரின் பக்கச் சுவரில் இருக்கும் நான்கு இலக்கத் தேதியையும் பார்க்க வேண்டும். 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. நம் வெயிலுக்கு ரப்பர் ஓடாமலே முதுமை அடையும். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுக்கும் காரில் பட்டன் நிறைய இருந்தாலும், ஐந்து வருடம் தாண்டினால் ஆண்டுக்கொரு முறை வெடிப்பு இருக்கிறதா என்று காட்டிக்கொள்ள வேண்டும். ஸ்டெப்னியும் இதில் சேர்த்தி. இரண்டு டயர் வாங்க வேண்டிய நேரத்தில் டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி ஓடாமல் புதிதாக, அதே அளவில், தேதியும் பழையதாக இல்லாமல் இருந்தால், ஒரே ஒரு டயர் வாங்கி அதற்கு ஜோடி சேர்த்துப் பின்னால் மாட்டிவிடலாம். தேய்ந்ததில் நல்லதாக ஒன்று ஸ்டெப்னி ஆகட்டும். வேலையை ஆவணி, புரட்டாசியில் முடித்துவிடுங்கள். ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்ட பிறகு டயர்க் கடைகளில் கூட்டம் நிற்கும். நான்கையும் கழற்றச் சொன்னால் யாருக்கும் நேரம் இருக்காது.